படக்கதை பாலர்க்கு மட்டுமோ?

விடுமுறை கழிந்து யாம் விடுதிக்கு மீண்டபொழுது எம் பெட்டியில் படக்கதை நூல்கள் சில இருந்தன. அவற்றை மேசைமேற் கண்ட பெரியாரொருவர், "தமிழ் ஆனர்ஸ் பயில்வார்க்கு இவை தகுமோ?" என்று முறுவலித்து வினவினார். அப்பொழுது விடைகூற எமக்கு நா எழவில்லை. ஆதலின் ஈண்டு எழுதத் துணிந்தோம்.

ஜப்பானியர் தம் படக்கதையை 'மாங்கா' என்பர். அப்பெயர் கேட்டுப் புளிப்புக் காயை நினைந்து நகுவார் நகுக. அந்நூல்கள் வலப்புறத்தினின்று இடப்புறமாகப் படிக்கப்படுவன. முதல் நாள் எம் கண்கள் வழிதப்பி, விடையை முன்னும் வினாவைப் பின்னுமாகக் கண்டு இடர்ப்பட்டன. மறுநாள் அவ்விடர் நீங்கியது.

யாம் முதலில் எடுத்தது கெய்ஜி நகசாவா இயற்றிய 'வெறுங்கால் கென்'. 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீழ்ந்தபொழுது இவ்வாசிரியர் ஆறு வயதுச் சிறுவர். பள்ளி மதிலின் மறைவில் நின்றமையால் உயிர் பிழைத்தார். தந்தையையும் தமக்கையையும் தம்பியையும் இழந்தார். அத்துயரைக் கென் என்னும் சிறுவன்மேல் ஏற்றி 1973 முதல் வரைந்தார்.

உண்மை உரைப்பின், தொடக்கத்தில் இந்நூல் எமக்கு உவப்பளிக்கவில்லை. சிறுவர் ஓயாது அடித்துக்கொள்வதும், தந்தை கைநீட்டுவதும், யாவரும் வாயகலக் கூவுவதும் வெறுங்கூத்தாகத் தோன்றின. ஆயின், இடிந்த வீட்டின்கீழ் அகப்பட்ட தந்தை, தாயைக் காத்து அழைத்தேகுமாறு மகனை ஏவத் தீ நெருங்கிவரும் பக்கங்களை அடைந்தபொழுது, அக்கூத்தின் பயனை உணர்ந்தோம். நேற்றுவரை உணவிற்காகக் கென்னோடு சண்டையிட்ட தம்பியன்றோ அங்கே சிக்குண்டு அழுகின்றான்! நகை, அழுகை என மெய்ப்பாடுகளை எண்ணி ஒப்பித்த எமக்கு, முன்னது பின்னதற்கு நிலமாதலை அப்பக்கங்களே விளக்கின.

அடுத்தது அமெரிக்கராகிய ஆர்ட் ஸ்பீகல்மன் வரைந்த 'மௌஸ்'. அவர்தம் தந்தையார் விளாடெக், ஆஷ்விட்ஸ் முகாமினின்று மீண்ட போலந்து நாட்டு யூதர். யூதரை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்திருத்தல் கண்டு, பஞ்சதந்திரக் கதை போலும் என மயங்கினோம். சில பக்கங்களிலேயே மயக்கம் தீர்ந்தது. முகாமினும் எம்மை மிக வருத்தியது அத்தந்தையாரின் முதுமையே. பட்ட துன்பம் ஒருவரை நல்லவராக்கிவிடும் என்று நம்பியிருந்தோம். அவரோ, கருநிற வழிப்போக்கரொருவரை மருமகள் வண்டியில் ஏற்றியதற்கு வெகுள்கின்றார். ஈன்றோன் குறையை மறையாத மகனது நேர்மை எம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது. இந்நூலுக்கு 1992இல் புலிட்சர் சிறப்புப் பரிசு அளிக்கப்பெற்றது.

படக்கதை சிறுபிள்ளை விளையாட்டு என்பார் ஒருசாரார். அதனைச் சிறுபிள்ளைகட்குத் தரலாகாது என்பார் மற்றொருசாரார். 2012இல் ஜப்பானின் மாட்சுவே நகரக் கல்விக் கழகத்தார், 'கென்' நூலை மாணவர் தாமே எடுத்துப் படியாவண்ணம் பள்ளி நூல்நிலையங்களில் ஒதுக்கிவைக்கச் செய்தனர். கண்டனம் எழவே 2013இல் அத்தடையை நீக்கினர். 2022இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து மாவட்டக் கல்விக் குழுவொன்று, எட்டாம் வகுப்புப் பாடத்தினின்று 'மௌஸை' விலக்கியது. அதிலுள்ள வசைச்சொற்களையும் ஆடையற்ற படத்தையும் காரணமாகக் காட்டினர்.

குழந்தைகள் அஞ்சுவரே என்னும் கவலை பொருளற்றதன்று. 'கென்' படித்த இரவில் யாமும் நன்கு உறங்கிலோம். ஆயினும், ஆறு வயதுச் சிறுவன் கண்ணாற் காண நேர்ந்ததைப் பதின்மூன்று வயதினர் படத்திலேனும் காணலாகாதோ? அச்சம் தீர்க்கும் வழி, நூலை மறைத்தலன்று. மூத்தோர் அருகிருந்து உடன்படித்தலே. வரலாற்று நூலில் இறந்தோர் தொகையை ஒருநொடியிற் கடந்துசெல்லும் எம் கண், இப்படங்களில் ஒரு முகத்தைக் கடக்க மாட்டாது நின்றது. இவ்வாறு நிற்கச் செய்யும் நூலை இலக்கியமன்று என விலக்குதல் எங்ஙனம்?

எம் கல்லூரி நூல்நிலையத்தார் இத்தகைய நூல்கட்குத் தட்டொன்று ஒதுக்குவாராக. அது பூட்டப்படாத தட்டாகவும் இருப்பதாக. வினவிய பெரியார்க்கு யாம் கூறும் விடை இதுவே: ஐயா, தகும்.