சுண்ணாம்பைத் தின்னும் தண்ணீர்

கிணற்று நீர் காய்ச்சும் வெந்நீர் அண்டாவின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளையாகப் படிந்திருக்கும். உப்பு என்று நாம் சொல்கிறோமே, அது பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்தான்! சாம்பல் போட்டுத் தேய்த்தால் அசையாது. பிழிந்த எலுமிச்சை மூடியால் தேய்த்தால் கரைந்து விடும். புளிப்புக்கு அது பயப்படும்.

மழைக்கும் அந்தப் புளிப்பு உண்டு. வரும் வழியில் காற்றிலே கொஞ்சம் கரியமில வாயுவை வாங்கிக் கொள்கிறது. சருகு மக்கும் மண்ணுக்குள் இறங்கும்போது இன்னும் நிறையக் கிடைக்கிறது. சோடாப் புட்டியில் இருப்பதும் இதே வாயுதான். இந்தத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையின் இடுக்கில் புகுந்து, யுகக்கணக்கில் அரித்துக் குடைந்து விடுகிறது. விசாகப்பட்டினத்திலிருந்து அரக்குக்கு ரயிலில் போகிறவர்கள் பார்க்கும் போர்ரா குகைகள் இப்படி உண்டானவைதாம். கூரையில் சொட்டும் நீரிலிருந்து வாயு பிரிந்ததும், கரைந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகி விழுது விழுதாகத் தொங்குகிறது.

தேனிப் பக்கம் அனுமந்தன்பட்டிக்காரர்கள், "எங்கள் மலை கருங்கல் ஆயிற்றே!" என்பார்கள். வாஸ்தவம். ஆனால் மலைக்கு மேலே மனிதர்களே கொண்டு போய் வைத்த சுண்ணாம்பு இருக்கிறது. முல்லைப் பெரியாறு அணையைத்தான் சொல்கிறேன்.

1887இல் தொடங்கி 1895இல் பென்னிகுயிக் முடித்த அணை அது. அதன் வயிற்றுக்குள் இருப்பது சிமெண்டு அல்ல. சுண்ணாம்பும், சுட்ட மண்ணைப் பொடித்த சுர்க்கியும், கல்லும் சேர்ந்த கலவை. மலை மழை நீரில் சுண்ணாம்பு குறைவு. ஆகையால் பசி ஜாஸ்தி. கசியும் நீர் கலவையிலுள்ள சுண்ணாம்பைச் சிறுகச் சிறுகக் கரைத்து வெளியே கொண்டு வருகிறது. 1930களிலும் 1960இலும் அணையில் துளையிட்டுச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்தினார்கள். 1979க்குப் பிறகு மேலே கான்கிரீட் மூடி போட்டார்கள். எஃகு வடங்களால் பாறையோடு பிணைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டும் கொடுத்தார்கள். 142 அடி வரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2014இல் தீர்ப்பளித்தது.

அந்தப் பக்கம் ஆற்றோரத்தில் குழந்தைகளைத் தூங்க வைக்கும் தாய்மார்களுக்கு அணையைப் பற்றிக் கவலை. இந்தப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று விட்டவளுக்குத் தண்ணீரைப் பற்றிக் கவலை. இரண்டும் பொய்க் கவலை அல்ல. மேடைகளில் முழங்குவதை விட, கசிவு நீர் எத்தனை, அதில் சுண்ணாம்பு எத்தனை என்ற கணக்கை இரு தரப்பாரும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்கலாம். கையளவு நீரை ஒரு புட்டியில் பிடித்தால், சோதனைச் சாலையில் அன்றே சொல்லி விடுவார்கள்.