பருவங் குறியாத பிரிவு

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில், உயர்தர வகுப்பிலே என்னிடம் தமிழ் கற்ற மாணவி ஒருத்தி என்னைக் காண வந்தாள். பல்கலைக்கழகத்திற் சிறப்பாகத் தேறிப் பட்டம் பெற்றவள். மணமாகி ஒன்றரை ஆண்டு கழிந்துவிட்டது. கணவன் அயல்நாடொன்றில் வசிக்கிறான். கலியாணத்துக்கென்று வந்தவன் நான்கு கிழமை தங்கி, பதிவுக் கந்தோரிலும் கோயிலிலும் செய்யவேண்டியவற்றை முறைப்படி செய்து முடித்து, மீண்டும் விமானம் ஏறினான். அன்று தொடக்கம் அவள் காத்திருக்கிறாள்.

“முதுகலைமாணி வகுப்புக்கு விண்ணப்பித்தாயா, பிள்ளை?” என்று கேட்டேன்.

“இல்லை, சேர். எந்த நேரமும் விசா வந்துவிடலாம். இரண்டு வருஷப் படிப்பை இடையிலே விட்டுவிட்டுப் போனால் எல்லாம் வீண்தானே” என்றாள். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “அப்போதே சேர்ந்திருந்தால் இப்போது முக்காற்பங்கு முடித்திருப்பேன்” என்றும் தானே சொன்னாள்.

அவள் கணவன் வாழும் நாட்டையோ, விண்ணப்பம் கிடக்கும் கந்தோரையோ இங்கே பெயர் சுட்ட நான் விரும்பவில்லை. அவளுடைய கதை அவளுக்கு மட்டும் உரியதன்று. வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ ஊர்களில் இவ்வாறு காத்திருக்கும் பெண்கள் உளர், ஆண்களும் உளர். ஆதலின் ஒருத்தியின் குறையாக அன்றி, ஒரு முறைமையின் குறையாகவே இதனை ஆராய்தல் வேண்டும்.

வெளிநாட்டிலே பிரசாவுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ பெற்ற ஒருவர், தம் மனைவியை அல்லது கணவனைத் தம்மிடம் அழைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை நம்மவர் ‘ஸ்பொன்சர்’ என்ற சொல்லாலேயே வழங்குகின்றனர். பொறுப்பேற்றல் என்பதே அதன் பொருள். நம் மக்கள் பெருந்தொகையினராய்க் குடியேறியுள்ள கனடாவை எடுத்துக்கொண்டால், 2002ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழிவகுக்கிறது. அழைப்பவர் தகுதியுடையவரா என்பது ஒரு பரிசீலனை. வருபவர் தகுதியுடையவரா என்பது இன்னொரு பரிசீலனை. பொலிஸ் சான்றிதழ், வைத்தியப் பரிசோதனை, விவாகம் உண்மையானதென்பதற்குரிய அத்தாட்சிகள் யாவும் கேட்கப்படுகின்றன. அழைப்பவர் ஒரு பொறுப்பேற்புப் பத்திரத்திற் கையொப்பமிடுகிறார். மனைவி நிரந்தர வதிவுரிமை பெற்ற நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு அவளுடைய உணவு, உடை, உறைவிடம் முதலிய தேவைகளுக்குத் தாமே பொறுப்பு என்றும், அக்காலத்தில் அவள் அரசாங்கத்தின் உதவிப் பணத்தைப் பெற நேர்ந்தால் அதனைத் தாமே திருப்பிச் செலுத்துவதாகவும் அவர் உறுதியளிக்கிறார். இடையிலே மணவாழ்வு முறிந்தாலும் இவ்வுறுதி முறிவதில்லை.

அழைப்பவன் அரசாங்கத்துக்குக் கொடுப்பது நாள் குறித்த ஒரு வாக்குறுதி. அரசாங்கம் அவனுக்குத் திருப்பிக் கொடுப்பது யாது? விண்ணப்பங்கள் முடிவதற்கு இத்தனை மாதம் எடுக்கும் என்று ஒரு தொகையை அது வெளியிடுகிறது. நெடுங்காலமாக அத்தொகை கணிக்கப்பட்டு வந்த முறையை நம்மவர் பலர் அறியார். கடந்த காலத்தில் முடிவான விண்ணப்பங்களுள் நூற்றுக்கு 80 எவ்வளவு காலத்துள் முடிந்தன என்பதே அக்கணக்கு. கையிலிருக்கும் விண்ணப்பங்களைக் கொண்டு முன்னோக்கிக் கணிக்கும் முறை பின்னர் வந்தபோதிலும், அதுவும் மதிப்பீடேயன்றி வாக்குறுதியன்று. 12 மாதம் என்று எழுதியிருந்தால், முன்னே சென்ற ஐவருள் நால்வர் அக்காலத்துள் முடிவு பெற்றனர் என்பதே பொருள். தான் அந்த நால்வருள் ஒருத்தியா, ஐந்தாமவளா என்பதைக் காத்திருப்பவள் அறிய வழியில்லை. பன்னிரண்டாம் மாதம் கழிந்த பின்னரே அவளுக்கு அது தெரியவரும். அப்போது அவள் கையில் வேறு எந்தத் தொகையும் இருப்பதில்லை.

தமிழ் கற்றவர்க்கு இவ்விடத்தில் முல்லைத்திணை நினைவுக்கு வராமற் போகாது. இருத்தல் முல்லைக்கு உரிப்பொருள். வினைமேற் செல்லுந் தலைவன் கார்காலத்தே மீள்வேன் என்று பருவங் குறித்துச் செல்கிறான், தலைவி ஆற்றியிருக்கிறாள். முல்லைப்பாட்டிலே பெருமுது பெண்டிர் ஊர்ப்புறத்தே சென்று விரிச்சி கேட்டு, நன்மொழி பெற்றுவந்து தலைவியைத் தேற்றுகின்றனர். அவள் ஆற்றியிருத்தலைக் கற்பின் சிறப்பென்றே வகுப்பறையில் நாம் விளக்கி வந்திருக்கிறோம். அவளுக்கு ஒரு தவணை இருந்தது என்பதை நாம் போதிய அளவு சொல்லவில்லை. கார் வந்தும் தேர் வாராவிடின், சொன்ன சொல் பொய்த்தது என்று நோவதற்கு அவளுக்கு உரிமையுண்டு. என் மாணவிக்கு அந்த உரிமையும் இல்லை. அவளுக்கு எவரும் பருவங் குறிக்கவில்லை. காலையில் எழுந்ததும் கைத்தொலைபேசியைத் திறந்து, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற ஒரே வாசகத்தைப் படிக்கிறாள். அவள் கேட்கும் விரிச்சி அதுவே.

‘உத்தியோகத்தர் சோம்பேறிகள்’ என்று சொல்லி இவ்விஷயத்தை முடித்துவிடுதல் எளிது. ஆனால் அது சரியன்று. காலதாமதத்தின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கனடிய அரசாங்கம் ஆண்டுதோறும் எத்தனை பேரை எந்தப் பிரிவில் அநுமதிப்பது என்ற திட்டத்தைப் பாராளுமன்றத்திற் சமர்ப்பிக்கிறது. வாழ்க்கைத்துணைவரும் பிள்ளைகளும் அடங்கிய பிரிவுக்கு 2024ஆம் ஆண்டுக்கு 82,000 என்று குறிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக்கு அது 70,000 ஆகக் குறைந்தது. மணமுடிப்போர் தொகை திட்டத்தைப் பார்த்துக் குறைவதில்லை. வாய்க்காலில் வரும் நீர் அவ்வளவாகவே இருக்க, மதகை மட்டும் தாழ்த்தினால் நீர் தேங்கும். அவ்வாறு தேங்கிய நீரே இந்தக் காத்திருப்பு. துணைவரின் வருகைக்குச் சட்டத்திலே உச்சவரம்பு இல்லை. ஆண்டுத்திட்டத்திலுள்ள தொகையே வரம்பின் வேலையைச் செய்துவிடுகிறது.

மதகை உயர்த்தவும் அரசாங்கத்தால் இயலும் என்பதற்குச் சான்று உண்டு. 2016 டிசெம்பரில் அப்போதைய குடிவரவு மந்திரி ஜோன் மக்கலம், ஏறக்குறைய இரண்டாண்டு வரை நீண்டிருந்த துணைவர் விண்ணப்பங்களை 12 மாதத்துள் முடிப்பதாக அறிவித்தார். விண்ணப்பப் பொதி எளிதாக்கப்பட்டது. 2020இல் பெருந்தொற்று வந்து எல்லாவற்றையும் குலைத்தது என்பது உண்மையே. ஆயினும் இக்காலதாமதம் மழையும் வெயிலும் போல இயற்கையாய் நேர்வதன்று, மனிதர் எடுக்கும் முடிவினால் நீளவும் குறுகவும் கூடியது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இதைவிடத் தெளிவான சான்று கியூபெக் மாகாணம். அங்கே அழைப்பவர் மாகாண அரசாங்கத்துக்குத் தனியே பொறுப்பேற்புப் பத்திரம் கொடுக்கவேண்டும். 2024 ஜூன் 26 முதல் இரண்டாண்டு காலத்துக்கு 13,000 குடும்ப விண்ணப்பங்களையே ஏற்பது என்று அம்மாகாணம் வரம்பு கட்டியது. ஒட்டாவா ஆற்றின் ஒரு கரையில் ஒன்ராறியோ. மறு கரையில் கியூபெக். இடையிலே பாலங்கள் உண்டு; ஒரு கரையில் வசிப்பவர் மறு கரைக்கு வேலைக்குச் சென்று மாலையில் மீள்கின்றனர். அவ்வாண்டிலே ஒன்ராறியோக் கரையிலிருந்து மனைவியை அழைத்தவனுக்கு ஓராண்டளவில் முடியக்கூடிய காரியம், எதிர்க்கரையில் வீடெடுத்தவனுக்கு மூன்றாண்டளவு ஆகும் நிலை இருந்தது. மொன்றியலிலே நம்மவர் பலர் வாழ்கின்றனர். வீட்டு விலாசத்தைப் பொறுத்து ஒரு பெண்ணின் இரண்டு ஆண்டுகள் கழியுமாயின், அதனை நீதி என்று எப்படிச் சொல்வது?

மறுபுறத்து நியாயத்தையும் மறைத்தல் தகாது. பொய் விவாகங்கள் நடப்பதுண்டு. ஏமாற்றப்பட்ட கணவரும் மனைவியரும் உண்டு. ஆகவே சோதனை வேண்டும். 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், விவாகம் உண்மையானதன்று என்று கண்டாலும், குடிவரவுப் பயனே முதல் நோக்கம் என்று கண்டாலும், இரண்டிலொன்றே மறுப்பதற்குப் போதுமானதாயிற்று. 2012இல், புதிதாக மணந்து வருபவர் இரண்டாண்டு சேர்ந்து வாழ்ந்தாலன்றி வதிவுரிமை நிலைக்காது என்ற விதியும் வந்தது. கொடுமைப்படுத்தும் கணவனோடு ஒரு பெண்ணைக் கட்டிவைக்க அவ்விதி ஏதுவாகும் என்பது உணரப்பட்டு, 2017இல் அது நீக்கப்பட்டது. சோதனையும் பிழைக்கும், பிழையைத் திருத்தவும் முடியும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது. ஆனால் சோதித்தல் வேறு, காக்கவைத்தல் வேறு. ஐந்தாண்டு காத்திருந்தமையால் ஒரு பொய் விவாகம் மெய்யாகிவிடாது. மெய் விவாகமோ அக்காலத்துள் நலிந்துபோகவுங் கூடும்.

பிற தேசங்களில் இத்துன்பம் வேறு உருவங் கொள்கிறது. ஐக்கிய அமெரிக்காவிலே பிரசையின் துணைவருக்கு ஆண்டு வரம்பு இல்லை; நிரந்தர வதிவுரிமை மட்டும் உடையவரின் துணைவருக்குச் சட்டமே வரம்பு விதித்துள்ளது. பிரித்தானியாவில் அழைப்பவரின் வருமானமே மதில். 2012இல் ஆண்டுக்கு 18,600 பவுண் என்று விதிக்கப்பட்ட குறைந்தபட்ச வருமானம் 2024 ஏப்பிரிலில் 29,000 பவுணாக உயர்ந்தது. அத்தொகையை ஈட்டுவதற்காக ஒருவன் இரவும் பகலும் உழைத்துக் காத்திருக்கும் ஆண்டுகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அவன் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லையன்றோ!

நம் சமூகத்துக்குப் பிரிவு புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யாழ்ப்பாணத்து வாலிபர் பலர் மலாயாவுக்குக் கப்பலேறி, றெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் எழுதுவினைஞராய் அமர்ந்தனர். என் அம்மம்மாவும் அவ்வாறு காத்திருந்தவரே. 1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் யப்பானியர் வசமானபின், போர் முடியும்வரை அவருக்குக் கடிதமே வரவில்லை. “சண்டை முடிந்தால் வருவார் என்று இருந்தேன்” என்பார். அவருடைய காத்திருப்பு என் மாணவியினுடையதிலும் கொடியது. ஆனால் அதற்கு ஒரு காரணம் இருந்தது, அக்காரணம் ஊரறிந்தது. இன்றோ சண்டையில்லை, கடல் திறந்திருக்கிறது, விமானம் நாள்தோறும் பறக்கிறது, கணவனின் முகம் கைத்தொலைபேசியிலே தெரிகிறது. தடையாய் நிற்பது ஒரு கோவை. அது எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று கேட்டால் விடையில்லை.

விண்ணப்பத்துக்கு இத்தனை மாதத்துள் முடிவு சொல்வோம் என்று அரசாங்கமும் கையொப்பமிடவேண்டும். தவணை கடந்தால் காரணத்தை எழுத்திலே தெரிவிக்கவேண்டும். அதுவரை தம்பதியர் ஒருங்கே காத்திருக்க இடமளிக்கவேண்டும். இம்மூன்றாவது புதுமையானதன்று. கனடாவுக்குள் இருந்துகொண்டே விண்ணப்பிக்கும் துணைவர் வேலை செய்தவாறே காத்திருப்பதற்கு 2014 டிசெம்பர் முதல் வழி செய்யப்பட்டது. நிரந்தரமாகக் குடியேறும் எண்ணம் உடையவர் தற்காலிகமாக வந்து தங்குவதை அந்நாட்டுச் சட்டம் தடுப்பதுமில்லை. வெளியே நிற்கும் துணைவரின் தற்காலிக விசாவை விரைவுபடுத்துவதாக 2023 மே மாதத்திலே அரசாங்கம் அறிவித்தது. சேர்ந்து காத்திருப்பவர்க்கு ஓராண்டு ஓராண்டே. பிரிந்து காத்திருப்பவர்க்கு அது அவ்வாறன்று.

அந்நிய அரசாங்கங்கள் நம் கட்டுரைகளைப் படிக்கப்போவதில்லை. நம் வீடுகளிலே நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘இன்றோ நாளையோ போகப்போகிற பிள்ளை’ என்று சொல்லி அவள் படிப்பை நிறுத்துகிறோம். உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்க விடுவதில்லை. சந்திக்குஞ் சந்தியெல்லாம் ‘இன்னும் வரவில்லையா?’ என்று கேட்கிறோம். கந்தோர் எடுத்துக்கொள்வது அவள் காலத்தில் ஒரு பாதி. மறு பாதியை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

சென்ற கிழமை அவள் மறுபடியும் வந்தாள். முதுகலைமாணி வகுப்புக்குரிய விண்ணப்பப் படிவம் கையில் இருந்தது. சிபார்சு செய்பவர் கையொப்பமிடும் இடத்தைக் காட்டினாள். “இடையிலே விசா வந்தால்?” என்று நான் கேட்கவில்லை. கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.