"எங்கள் ஹோட்டலில் ஃப்ரிட்ஜ் கிடையாது" - இதற்குக் கைதட்டலாமா?

பிரியாணிக் கடை, மெஸ், நெடுஞ்சாலை ஹோட்டல் என்று பல இடங்களில் இப்படி ஒரு போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். சில கடைகளில் மெனு கார்டிலேயே அச்சடித்துவிடுகிறார்கள். படித்ததும் சாப்பிட வந்தவர் முகத்தில் ஒரு நிம்மதி. ஆஹா, இங்கே எல்லாம் ஃப்ரெஷ்! வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்கிறார்.

சரி, அந்த போர்டு உண்மையில் என்ன சொல்கிறது? காலை 6 மணிக்கு வெட்டிய கோழி மதியம் 1 மணி வரை எங்கே இருந்தது? ராத்திரி 9 மணிக்குப் பொரிக்கும் சிக்கன் 65-க்கு மசாலா எப்போது தடவினார்கள், அதுவரை அந்த அண்டா எதற்குப் பக்கத்தில் இருந்தது? வெளியே 38 டிகிரி வெயில் என்றால் அடுப்படியில் அதற்கும் மேல். பாக்டீரியாவுக்கு ஏ.சி. ரூம் போட்டுக் கொடுத்த மாதிரி! நல்ல சூடும் ஈரமும் கிடைத்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 8 மணி நேரத்தில் 24 முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒன்று 1 கோடியே 67 லட்சம் ஆகும்.

"அதான் நல்லா வேக வைக்கிறோமே" என்பார் முதலாளி. வேகவைத்தால் கிருமி சாகும், உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே கக்கி வைத்த விஷம் எல்லா நேரமும் போகாது. சமையல்காரர் கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் வரும் ஸ்டஃபைலோகாக்கஸ் உண்டாக்கும் விஷம் சாதாரணக் கொதிக்கு அசையாது. வெளியிலேயே கிடந்த சோற்றில் பேசில்லஸ் செரியஸ் உண்டாக்கும் வாந்தி விஷமும் அப்படித்தான். மதியச் சோறு ராத்திரி ஃப்ரைடு ரைஸ் ஆகும் கடைகளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும். பிறகு எவ்வளவு பொரித்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

காலையில் 5 கிலோ கறி வாங்கி, மதியத்துக்குள் விற்றுத் தீர்த்துக் கடையைக் கட்டும் மெஸ்ஸுக்கு இதெல்லாம் பொருந்தாது. அவர் போர்டு வைக்கலாம், தப்பில்லை. காலை முதல் நள்ளிரவு வரை நூறு அயிட்டம் போடுகிறவருக்கு அந்த போர்டு எதற்கு?

"அந்தக் காலத்தில் ஃப்ரிட்ஜா இருந்தது?" என்றும் ஒரு கேள்வி வரும். இல்லைதான். அதனால்தான் உப்புக்கண்டம் போட்டார்கள், கருவாடு காயவைத்தார்கள், சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிட்டார்கள். கறி சமைத்தால் அன்றே தீர்த்தார்கள். (அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸுக்குக் கட்டிடமே கட்டியது சென்னை, 1842-ல். ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பில் நிற்பவர்கள் கவனிக்க.) இன்றைய ஹோட்டல் இதில் எதையும் செய்யாமல் தாத்தாவை மட்டும் சாட்சிக்கு இழுக்கிறது.

அப்புறம் ஏன் இந்த போர்டு எடுபடுகிறது? ஃப்ரிட்ஜ் என்றாலே 'பழசு' என்று சனங்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கெட்ட பெயரை வாங்கிக் கொடுத்தவர்கள் யார்? ஃப்ரிட்ஜ் வைத்திருக்கும் முதலாளிகள்தான்.

அந்தச் சமையலறைகளில் நடப்பதைப் பாருங்கள். கூல்டிரிங்ஸ் கம்பெனி பாட்டில் வைக்கக் கொடுத்த கண்ணாடிக் கதவுப் பெட்டியில் மசாலா கறி, மாவு, தயிர் எல்லாம். இல்லையென்றால் வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்று. நாலு பேர் குடும்பத்துக்குச் செய்ததை ஒரு நாளைக்கு இருநூறு முறை திறந்து மூடுகிறார்கள். அதுவும் எங்கே இருக்கிறது? தந்தூரி அடுப்பை ஒட்டி, பின்பக்கம் சுவரோடு சுவராக. சூட்டை வெளியே தள்ள வேண்டிய கண்டென்சர் காயிலில் எண்ணெய்ப் பிசுக்கும் மைதா தூசியும் கம்பளி மாதிரி ஒட்டியிருக்கும். கம்ப்ரஸர் நிற்காமல் ஓடியும் உள்ளே குளிராது. மெக்கானிக் வந்து "கேஸ் போயிடுச்சு சார், ஃபில் பண்ணணும்" என்று பணம் வாங்கிப் போவார். சீல் செய்த குழாயில் ஓட்டை இல்லாமல் கேஸ் எப்படிப் போகும் என்று யாரும் கேட்பதில்லை. ஓட்டையை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த மாதம் அவரே வருவார். பிரஷ்ஷால் மாதம் ஒருமுறை காயிலைத் தேய்த்திருந்தால் பாதித் தொல்லை இல்லை.

கதவு ரப்பரைச் சோதிக்க எஞ்சினியரிங் படிக்க வேண்டாம். ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் போதும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் போச்சு.

கொதிக்கக் கொதிக்க 20 லிட்டர் சால்னா அண்டாவை அப்படியே உள்ளே தள்ளுவது இன்னொரு கூத்து. நடுச் சால்னா ஆற விடிந்துவிடும், அதற்குள் பக்கத்தில் இருக்கும் பாலும் சூடாகும். அகலத் தட்டுகளில் ஊற்றி, ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றிவிட்டு உள்ளே வைக்க வேண்டும். பச்சைக் கறி கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். இதைச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. கடைசியில் திட்டு வாங்குவது மட்டும் பாத்திரம் கழுவும் பையன்.

2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். உடனே ஊர் ஊராகச் சோதனை. கெட்ட கறியை அள்ளிக் கொட்டி அழித்தார்கள், டி.வி.யில் காட்டினார்கள். 2025 ஏப்ரலில் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு ஓராண்டுத் தடை போட்டது. செய்ய வேண்டியதுதான். ஆனால் குளிர்ச்சியாகப் பரிமாறும் உணவு 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது 2011-லேயே வந்த விதி. கறியை அள்ளியவர்கள் அந்தப் பெட்டி எத்தனை டிகிரியில் ஓடியது என்று பார்த்தார்களா? உள்ளே ஒரு தெர்மாமீட்டராவது இருந்ததா? பெட்டி அப்படியே இருந்தால் நாளைக்கு வைக்கும் புதுக் கறியும் இதே கதிதான்.

மிச்சம் இருப்பது கரண்ட் பில். அதற்காகத்தான் பல கடைகளில் ராத்திரி ஷட்டரை இறக்கும்போது ஃப்ரிட்ஜ் ஸ்விட்சையும் அணைத்துவிடுகிறார்கள். இதைவிடக் கேனத்தனமான சிக்கனம் கிடையாது. ராத்திரி யாரும் கதவைத் திறப்பதில்லை, அடுப்பும் எரிவதில்லை, கம்ப்ரஸர் ஓடுவதே கொஞ்ச நேரம்தான். மிச்சமாவது சொற்பம். காலையில் சூடேறிய பெட்டியை மறுபடி குளிர்விக்க அது மூச்சுவிடாமல் ஓட வேண்டும், அந்த மிச்சத்தில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். இடையில் ஏழெட்டு மணி நேரம் கறி என்ன ஆனது என்பது ஸ்விட்ச் போடுகிறவருக்கும் தெரியாது, தட்டில் வாங்குகிறவருக்கும் தெரியாது. காலையில் கடை திறந்ததும், கதவை யாரும் தொடும் முன், தெர்மாமீட்டரைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினால் தெரிந்துவிடும். அந்த நோட்டின் விலை இருபது ரூபாய்.