தராசுக்கு நிறம் தெரியாது

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மலையேறிச் செல்வோர் நிழல் மரங்களின் கீழே காப்பிச் செடிகளைக் காணலாம். சேர்வராயன் மலைக்கு 1820களில் காப்பியைக் கொண்டுவந்தவர் அன்றைய சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன். இன்றும் அங்கே காப்பிப் பழத்தைக் கையால்தான் பறிக்கிறார்கள். அந்தக் கைகளைச் செம்மையாக வேலை செய்ய வைப்பது எது? கூலியா, மேற்பார்வையா? இதைப் பொருளாதாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். இது அளத்தல் பற்றிய கேள்வியும் ஆகும்.

ஒரே கிளையில் உள்ள காப்பிக் காய்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. சிவந்தவற்றை மட்டும் பறித்து, பச்சையை விட்டுவிட்டு, சில நாட்கள் கழித்து அதே செடிக்கு மீண்டும் வர வேண்டும். பச்சைக் காய் கலந்தால் இயந்திரத்தில் தோல் சரியாக உரியாது. காப்பியின் சுவையும் கெடும்.

இப்போது கூலியை எண்ணிப் பாருங்கள். நாள் கூலி என்றால், விரைந்து பறித்தவருக்கும் மெல்லப் பறித்தவருக்கும் ஒரே தொகை. எடைக்கு ஏற்பக் கூலி என்றால் வேகம் கூடும். இங்கிலாந்தில் ஒரு பழத்தோட்டத்தில் ஓரியானா பந்தியேராவும் இரு பொருளாதார அறிஞர்களும் செய்த ஆய்வு 2005இல் வெளியாயிற்று. அங்கே முதலில் ஒருவரின் கூலி, உடன் பறிப்போரின் சராசரியோடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட்டது. பின்னர் அவரவர் பறித்த அளவுக்கே கூலி என்று மாற்றினார்கள். பறிப்பின் வேகம் 50 சதவீதத்துக்குக் குறையாமல் உயர்ந்தது!

ஆனால் எடைக் கூலியில் ஒரு சிக்கல் உண்டு. தராசுக்கு எடை தெரியும்; நிறம் தெரியாது. ஒரு கிலோ பச்சைக் காயும் ஒரு கிலோ பழமும் அதற்கு ஒன்றே. பச்சையைக் கிளையிலேயே விட்டுவைக்கும் நேர்மையான தொழிலாளிக்கு அன்று கூலி குறைகிறது. கிளையை ஒரே உருவாக உருவியவருக்குக் கூலி கூடுகிறது. இதைக் கண்டு 'தொழிலாளரின் பேராசை' என்று பேசுவது நியாயமன்று. எதை அளந்து பணம் தருகிறோமோ அதுவே பெருகும். குறை விதியை வகுத்தவருடையது.

இங்கேதான் தலைமை தேவைப்படுகிறது. நல்ல மேற்பார்வையாளர் கூடையைக் கொட்டிப் பார்ப்பார். பச்சைக் காய் என்ன கெடுதல் செய்யும் என்பதைக் காட்டி விளக்குவார். பழுத்ததற்குக் கூடுதல் கூலி உண்டு என்பதை முன்கூட்டியே அறிவித்து, வேண்டியவர் வேண்டாதவர் என்று பாராமல் வழங்குவார். ஆனால் அவருடைய ஊதியமும் மொத்த எடையைப் பொறுத்ததாக இருந்தால்? அவரும் இன்னொரு தராசாகிவிடுவார். ஆகவே பறிப்பவரின் கூலியை மாற்றினால் மட்டும் போதாது. மேற்பார்ப்பவருக்கு எதற்காகப் பணம் தருகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

பரிசுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்காவில் மார்க் லெப்பரும் அவருடைய குழுவினரும் 1973இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். படம் வரைவதில் விருப்பமுள்ள சிறு குழந்தைகள் சிலருக்கு, வரைந்தால் நற்சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள், தரவும் செய்தார்கள். சில நாட்கள் கழித்து, ஓய்வு நேரத்தில் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளின் ஆர்வம் அவ்வாறு குறையவில்லை. விளையாட்டு, கூலி வேலையாகிவிட்டது போலும்!

இதைக் காட்டித் தொழிலாளருக்குக் கூலி குறைவாகத் தரலாம் என்று யாரேனும் வாதிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கூலி சான்றிதழ் அன்று. அது அடுப்பு எரிவதற்கான பணம். அதை முழுமையாகத் தந்த பிறகுதான் ஆர்வத்தைப் பற்றிப் பேசும் உரிமை தலைவருக்கு வருகிறது.

நாளை உங்களில் பலர் ஆய்வுக்கூடத்திலோ, தொழிற்சாலையிலோ, தோட்டத்திலோ பத்துப் பேருக்குத் தலைமை ஏற்பீர்கள். பரிசை அறிவிக்குமுன் உங்கள் தராசு எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேளுங்கள். விட்டுப்போனதைக் கண்ணால் பார்ப்பது உங்கள் வேலை.