ஐந்து கார்களுக்கு ஒரு பிளக் போதும்



வாசுதேவநல்லூர்ப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளையாக நீங்கள் இருந்தால், தாத்தாவிடம் பழைய கிரயப் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பாருங்கள். நிலத்தின் நான்கெல்லைகளைச் சொன்ன பிறகு, கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டார் பம்புசெட்டில் நாலில் ஒரு பாகம் என்று எழுதியிருக்கலாம். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, மின் இணைப்பும் ஒன்று. உரிமையாளரோ நால்வர்! முறை வைத்து இறைக்கிறார்கள். இன்று பகல் ஒருவருக்கு என்றால், இரவு இன்னொருவருக்கு. நாற்று வாடினால் ஒருவர் தம் முறையை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதும் உண்டு. விட்டுக்கொடுக்காமல் வரப்பில் நின்று சண்டையிடுவதும் உண்டு.

மின்சாரக் காரைப் பற்றி எழுத வந்தவன் கிணற்றங்கரையில் ஏன் நிற்கிறேன் என்று கேட்பீர்கள். காருக்கு மின்னேற்றம் செய்வதில், அதாவது 'சார்ஜ்' போடுவதில், வரப்போகும் சிக்கல் இந்தக் கிணற்றுச் சிக்கலேதான். பெருநகரங்களில் அது வந்தேவிட்டது. 2021-ஆம் ஆண்டில் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் வைக்க இசைவு கிடைக்காத ஒருவர், தம் மின்சார ஸ்கூட்டரை லிப்டில் ஏற்றி, ஐந்தாம் மாடிச் சமையலறைக்கே கொண்டுபோய் மின்னேற்றினார். செய்தியைப் படித்துப் பலரும் சிரித்தார்கள். ஸ்கூட்டரானதால் சமையலறைக்குள் போயிற்று. கார் என்றால் என் செய்வது?

இதற்குப் பெரும்பாலோர் சொல்லும் விடை, "ஆளுக்கொரு பிளக் வைத்துக்கொண்டால் தீர்ந்தது" என்பதே. அது தவறான விடை என்பது என் கருத்து. வாருங்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சிறிய மின்சாரக் கார் ஒன்று ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும். ஒரு குடும்பம் நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டுகிறது என்று கொள்வோம். பேட்டரிக்குள் போகும் வழியில் வீணாவதையும் சேர்த்தால், தேவை சுமார் 5 யூனிட். வீட்டு உபயோகத்துக்கான 15 ஆம்பியர் பிளக்கிலிருந்து 3.3 கிலோவாட் வேகத்தில் மின்சாரம் எடுக்கலாம். ஆக, ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. மீதி இருபத்திரண்டரை மணி நேரம் அந்தப் பிளக் சும்மாதான் இருக்கும். ஆளுக்கொரு கிணறு வெட்டி, நாளில் ஒன்றரை மணி நேரம் மட்டும் இறைப்பது போன்றதல்லவா இது?

ஐந்து வீடுகள் ஒரு பிளக்கைப் பகிர்ந்தால்? நள்ளிரவில் எழுந்து கார்களை மாற்றி மாற்றி நிறுத்த ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள். எனவே கிணற்று முறையையே கையாள்வோம். பகல் முறை ஒன்று, இரவு முறை ஒன்று. ஒவ்வொன்றும் 7 மணி நேரம். ஒரு முறைக்கு 23 யூனிட் இறங்கும். பேட்டரியில் 20 சேர்ந்தாலே 140 கிலோமீட்டர் ஓடலாம். வாரத்தில் 14 முறைகள். ஐந்து கார்களுக்கும் தலைக்கு இரண்டு கொடுத்தால், ஒவ்வொன்றும் வாரம் 280 கிலோமீட்டர் ஓடலாம். தேவையோ 210 கிலோமீட்டர்தான். இன்னும் நான்கு முறைகள் மிச்சம்! வாசுதேவநல்லூரிலிருந்து தென்காசிக்குப் போய்வர ஏறக்குறைய 80 கிலோமீட்டர். திடீரென்று மருத்துவமனைக்குப் போக வேண்டியவருக்கு அந்த மிச்ச முறைகள் கைகொடுக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிலோவாட் வேறு, யூனிட் வேறு. யூனிட் என்பது வயலில் நிறைந்த நீரின் அளவு. கிலோவாட் என்பது அது வாய்க்காலில் பாயும் வேகம். தெருவில் நமக்குத் தட்டுப்பாடு வருவது அளவில் அல்ல, வேகத்தில்தான். நம்மூர்த் தெருக்களில் 63 கே.வி.ஏ., 100 கே.வி.ஏ. மின்மாற்றிகளைப் பார்க்கிறோம். பத்து வீடுகளில் 7.2 கிலோவாட் கருவிகளை வாங்கி மாட்டி, எல்லோரும் மாலை ஏழு மணிக்கு ஒன்றாய்ச் சுவிட்சைப் போட்டால் 72 கிலோவாட்! 63 கே.வி.ஏ. மின்மாற்றி அதைத் தாங்காது. கார் வாங்காத வீட்டிலும் விளக்கு மங்கும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருட்டில் உட்கார வேண்டியதுதான். அதே பத்துக் கார்களும் இரண்டு பிளக்குகளில் முறை வைத்தால் சுமை 6.6 கிலோவாட்டுக்கு மேல் போகாது.

கம்பியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 75 வாட் மின்விசிறிகள் 44 சேர்ந்து இழுப்பதை ஒரு கார் தனியாக இழுக்கிறது, அதுவும் மணிக்கணக்கில். மின்னோட்டம் இருமடங்கானால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும் என்று ஜூல் விதியில் படித்திருப்பீர்கள். ஜன்னல் வழியே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, மீதியைச் சுருட்டிப் போட்டு மின்னேற்றுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். சுருளுக்குள் வெப்பம் வெளியேற வழியே இல்லை! தடித்த கம்பி, நல்ல எர்த், கசிவு மின்னோட்டத்தில் தானே அறுபடும் பாதுகாப்புச் சுவிட்சு ஆகியவற்றுடன் ஐந்து இடங்களில் அமைப்பதைவிட, ஓரிடத்தில் செம்மையாக அமைப்பது எளிது.

இனி, பணம். பக்கத்து வீட்டுக்காரர் காருக்கு உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து மின்சாரம் கொடுத்தால் நட்பு நீடிக்காது. நம் மாநிலத்தில் யூனிட் கூடக்கூட அதன் விலையும் கூடுகிறது. கூடிய விலை யாருடையது என்ற வழக்கு வந்துவிடும். தெருப் பிளக்குக்குத் தனி மீட்டர் வேண்டும். சட்டம் இதற்குத் தடையாக இல்லை. காருக்கு மின்னேற்றித் தருவது மின்சார விற்பனை அன்று, அது ஒரு சேவையே, அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்துறை 2018-லேயே தெளிவுபடுத்தியது. மின்வண்டிக்கென்றே தனி இணைப்புக் கேட்டுப் பெறலாம் என்று 2024-இல் நுகர்வோர் உரிமை விதிகளும் திருத்தப்பட்டன.

ஆனால் ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். அந்த இணைப்புக்கான செலவைக் கார் இல்லாத வீட்டார் தலையில் கட்டக் கூடாது. ஆறாவது வீட்டுக்காரர் நாளைக்குக் கார் வாங்கினால், அன்றைக்குப் பங்குத் தொகை கட்டிச் சேர்ந்துகொள்ளட்டும். பேட்டரி நிறைந்த பிறகும் காரை நகர்த்தாமல் இடத்தை அடைத்து நிற்பவரிடம், யூனிட்டுக்கு அன்றி, மணிக்கு இவ்வளவு என்று தண்டம் வாங்கலாம். மடையை அடைக்க மறந்தவரை ஊர் சும்மா விட்டதா என்ன?

"என் கார், என் காசு, நான் ஏன் காத்திருக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சொந்தக் கிணறு வெட்ட வசதி உள்ளவர் வெட்டிக்கொள்ளட்டும். ஆனால் மின்மாற்றி அவருக்குச் சொந்தமில்லையே.

உங்கள் தெருவில் இன்று ஒரு மின்சாரக் கார்கூட இல்லாமல் இருக்கலாம். ஸ்கூட்டர் ஒன்றிரண்டு இருக்கும். இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். தெருவில் எத்தனை வண்டிகள், ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், இரவில் எங்கே நிற்கின்றன என்று கேட்டுக் குறியுங்கள். எல்லாமே மின்வண்டியாக மாறினால் எத்தனை பிளக் தேவை என்று மேலே சொன்ன முறையில் கணக்கிடுங்கள். பிறகு தெருக்கோடி மின்மாற்றியின் தகட்டில் பொறித்துள்ள கே.வி.ஏ. எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எட்ட நின்றே படியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால், மின்வாரிய லைன்மேன் வரும்போது கேட்டுக்கொள்ளலாம்.