இரண்டாம் பெயருக்கும் ஒரு மாலைப்பொழுது

எங்கள் பிரசவப் பிரிவில் பிறக்கும் குழந்தையின் கையில் முதலில் கட்டப்படும் அட்டையில் அதன் பெயர் இராது. 'இன்னாரின் குழந்தை' என்று தாயின் பெயரே இருக்கும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்கு வரும்போது அழகிய பெயர் சூட்டப்பட்டிருக்கும். 'முழுப்பெயர் என்ன?' என்று நாங்கள் கேட்டால், பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வர். முதற்பெயருக்காகப் பல மாதங்கள் சிந்தித்த குடும்பம், அதனோடு சேரும் இரண்டாம் பெயரைக் குறித்து ஒரு மாலைப்பொழுதுகூடப் பேசியிராது. அவசியம் பேச வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

தமிழகமும் கேரளமும் கர்நாடகமும் நெருங்கிவரும் கூடலூரில் பெயரிடும் முறைகளும் பலவாகும். தமிழ்க் குடும்பங்கள் தந்தை பெயரின் தலைப்பெழுத்தை, அதாவது இனிஷியலை, முன்னே இடுகின்றன. மலையாளக் குடும்பங்கள் பல வீட்டுப்பெயரையும் சேர்க்கின்றன. கிறித்தவர்களிடையே ஞானஸ்நானப் பெயர் உண்டு. பழங்குடி முதியவர்கள் பலர் ஒற்றைப் பெயரோடே வாழ்ந்தவர்கள். எல்லா முறைகளும் மதிக்கத்தக்கவையே. எம்முறையாயினும் அதைத் தீர்மானமாகவும் முழுமையாகவும் எழுதிவைக்க வேண்டும்.

'எங்கள் பாட்டனுக்கு ஓர் எழுத்து போதுமானதாக இருந்ததே' என்று சிலர் கேட்பர். ஒருமுறை எங்கள் குழந்தைகள் பிரிவில் ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் கொண்ட இரு குழந்தைகள் அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தனர். ஒருவரது இரத்தப் பரிசோதனை முடிவு மற்றவரது கோப்பில் சேர்ந்துவிட்டது. செவிலியர் மருத்துவமனை எண்ணையும் ஒப்பிட்டதால் மருந்து மாறவில்லை. அந்தப் பிழை எங்களுடையது. ஆயினும், வெவ்வேறான அவ்விரு தந்தையர் பெயர்களும் முழுமையாக எழுதப்பட்டிருந்தால் பிழைக்கே இடமிருந்திராது.

வெளியுலகமும் முழுப்பெயரையே கேட்கிறது. கடவுச்சீட்டில் தலைப்பெழுத்தை விரித்தே எழுத வேண்டும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என அறிவித்தது; தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் எனப் பின்னர் தெளிவுபடுத்தியது. வளைகுடா நாடுகளில் உறவினர் உள்ள நம்மூர்க் குடும்பங்கள் இதனை நினைவிற்கொள்க.

பெயர்களைச் சேர்க்கும் முறை கடினமானதன்று. இரு பெயர்களையும் சேர்த்து உரக்க அழைத்துப் பாருங்கள். 'மீரா ஆறுமுகம்' என்று விரைந்து சொன்னால் ஒரு பெயர் முடியுமிடமும் மற்றது தொடங்குமிடமும் கேட்பவருக்குப் புலப்படாது. 'தருண் அருண்' பள்ளியில் கேலிக்கு இடமாகலாம். குறும்பெயரோடு நெடும்பெயர் சேர்ந்தால் ஓசை நிறைகிறது: 'கயல் செந்தில்குமார்' என்பது போல. தலைப்பெழுத்தையும் தமிழிலேயே எழுதும்படி 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ஆணையிட்டது. இதில் நன்மையும் உண்டு: கண்ணனின் 'க'வும் குமாரின் 'கு'வும் ஆங்கிலத்தில் 'கே' என்னும் ஒரே எழுத்தாகிவிடும்; தமிழில் தனித்தனியே நிற்கும்.

இரண்டாம் பெயர் தந்தையுடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தனியே குழந்தையை வளர்க்கும் தாய் தம் பெயரைச் சேர்க்கத் தயங்குவதைக் காண்கிறோம். தயங்க வேண்டாம். பெற்றோருள் ஒருவர் பெயர் இருந்தாலே கடவுச்சீட்டு விண்ணப்பத்திற்குப் போதும் என்பது 2016 டிசம்பரிலிருந்து நடைமுறை. கையில் கட்டிய முதல் அட்டையிலிருந்தே அக்குழந்தை தாயின் பெயரால்தான் அறியப்பட்டது.

சட்டம் தரும் காலத்தையும் அறிந்துகொள்ளுங்கள். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். பெயரின்றிப் பதிந்திருந்தால், பதிவு நாளிலிருந்து 12 மாதங்கள் வரை கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணம் உண்டு. பதிந்த பெயரைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறப்புச் சான்றிதழே அடிப்படை ஆவணம்.

எழுதத் தெரியாத பெற்றோர் சொல்லும் பெயரை, எழுதுபவர் தம் காதுக்கேற்பத் திருத்திவிடுவதுண்டு. அந்த உரிமை எவருக்கும் இல்லை. மருத்துவர்களாகிய எங்களுக்கும் இல்லை. எழுதியதை உங்கள் முன் உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்; ஒலி மாறியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

அடுத்த தடுப்பூசிக்கு வருமுன் வீட்டில் அனைவரும் ஒருமுறை அமர்ந்து பேசுங்கள். முடிவான முழுப்பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் எழுதி, தடுப்பூசி அட்டையோடு வைத்திருங்கள். எந்த அலுவலகத்திலும் அத்தாளைப் பார்த்தே, ஓரெழுத்தும் மாறாமல் எழுதுங்கள்.