பால்பல்லும் புரதத்தின் சாட்சியமும்

விழுந்த பால்பல்லை உறைகுளிரில் பாதுகாத்து வைத்தால், நீரிழிவு, பக்கவாதம் முதலிய வியாதிகள் பிற்காலத்தில் அக்குழந்தையைப் பீடிக்கும்போது அதிலிருந்தே ஔஷதம் கிடைக்கும் என்று ஆசை காட்டிப் பெற்றோரிடம் பணம் பெறும் வியாபாரம் உலகின் பல நாடுகளில் நடந்துவருகிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் விஞ்ஞானம் பொய்யன்று. ஆயினும் அந்த விஞ்ஞானம் கூறுவதை நிதானமாகச் செவிமடுப்போமாயின், அது அவ்விளம்பரத்துக்குச் சாட்சி சொல்ல முன்வராது என்பதே என் அபிப்பிராயம்.

அமெரிக்கத் தேசியச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த ஸ்டான் குரோந்தோஸ், சோங்டாவ் ஷி முதலியோர், பிடுங்கப்பட்ட ஞானப்பற்களின் கூழிலிருந்து, வேறுவகைச் செல்களாக மாறவல்ல ஸ்டெம் செல்களைப் பிரித்தெடுத்து 2000ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தனர். 2003இல் பால்பல்லிலும், 2004இல் பல்லை எலும்போடு பிணைக்கும் இழையத்திலும் அத்தகைய செல்கள் உண்டு என்பது தெளிவாயிற்று. முதல் ஆராய்ச்சியிலேயே ஆழ்ந்த சிந்தனைக்குரிய ஓர் அம்சம் இருந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்து அடையாளப் புரதங்களைக் கொண்டு பார்த்தபோது எலும்பு மஜ்ஜையின் செல்லும் பற்கூழின் செல்லும் ஏறக்குறைய ஒரே ஜாடையில் தோன்றின. எலியின் உடலில் பதித்தபோதோ, மஜ்ஜைச் செல் எலும்பை ஆக்க, பற்கூழ்ச் செல் டென்டின் என்னும் பல்லின் வன்பொருளை ஆக்கிற்று.

ஒரே மனிதனின் செல்கள் யாவும் ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்களைப் பொதுச் சொத்தாகக் கொண்டிருந்தும், அவற்றுள் எவை எந்த வேளையில் எவ்வளவு புரதத்தைப் பிறப்பிக்கின்றன என்பதே செல்லுக்குச் செல் குணபேதத்தை விளைவிக்கிறது. அந்தப் புரதத் தொகுதி முழுவதையும் நிறை நிறமாலைமானியால் அளந்து பட்டியலிடும் முயற்சி, ஜான் ஃபென், கோய்ச்சி தனாகா ஆகியோருக்கு 2002இல் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்த உபாயங்களால் சாத்தியமாயிற்று. பல்லின் செல்களில் நரம்பு மரபைச் சார்ந்த நெஸ்டின் போன்ற புரதங்கள் காணப்படுவது, அவை கருவில் நரம்பு முகடு என்னும் பகுதியிலிருந்து தோன்றியவை என்பதோடு இசைந்து நிற்கிறது. மாறாக, இத்தகைய ஸ்டெம் செல்களுக்கு 2006இல் சர்வதேச நிபுணர்கள் வகுத்த இலக்கணத்தில் கண்ட சிடி73, சிடி90, சிடி105 என்னும் மூன்று அடையாளங்களும் மஜ்ஜை, கொழுப்பு, பல் ஆகிய மூன்றின் செல்களுக்கும் பொதுவானவையாதலால், அவற்றை மட்டும் காட்டி ஒரு செல்லின் தகுதியை நிர்ணயிப்பது, நெற்றித் திருநீற்றைக் கண்டு ஒருவனுடைய ஒழுக்கத்தை நிச்சயிப்பது போன்றதே.

மேலும், செல் நிலைத்த பொருளன்று. கொடுத்தவரின் வயது, ஊட்டிய சீரம், வளர்த்த தலைமுறைகளின் எண்ணிக்கை, சூழ்ந்த பிராணவாயுவின் அளவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தக்கபடி அதன் புரதத் தொகுதி மாறுபடும். ஆகையால் குப்பியில் ஒட்டிய சீட்டு, அதனுள் உறைந்திருப்பதன் சக்திக்கு உத்தரவாதம் ஆகாது. புரதப் பட்டியலும் தன்னளவில் சிகிச்சையாகிவிடாது. எனினும், தம் செல் இன்னதென்று பட்டியலால்கூட நிரூபிக்க இயலாதவர், அதனால் வியாதி தீரும் என்று வாக்களிக்க அருகதையற்றவர்.

இதுகாறும் சித்தித்த உண்மையான வெற்றி அடக்கமானது. விபத்தில் கூழ் செத்த முன்பற்களைக் கொண்ட சிறார்களுக்கு, அவரவர் பால்பல்லின் செல்களைக் கொண்டே உயிர்க்கூழை மீட்டதாகச் சீன மருத்துவர்கள் 2018இல் வெளியிட்டனர். பல்லுக்குப் பல்லே உதவிய அக்காரியம் பெரிதெனினும், அதிலிருந்து பக்கவாதத்துக்குத் தாவுவது நியாயமாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் உயிரித்தொழில்நுட்பத் துறையும் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகள், தொப்புள்கொடி இரத்தத்தைத் தவிர மற்ற உயிர்ப்பொருள்களை வர்த்தக நோக்கில் சேமிக்க அனுமதியில்லை என்று கூறியிருப்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் அவசியம்.

நம் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் அன்றாடம் பிடுங்கி எறியப்படும் ஞானப்பற்களை, நோயாளியின் சம்மதம் பெற்றுச் சேகரித்து, வயது, பல்லின் நிலை, வளர்ப்பு முறை ஆகிய விவரங்களோடு புரதப் பட்டியலையும் சகலருக்கும் திறந்துவைக்கும் பொதுக் களஞ்சியம் ஒன்றை அரசு ஏற்படுத்துமாயின், தனியொரு குடும்பத்தின் பயத்தை மூலதனமாக்கும் வியாபாரத்தைவிட அது நாட்டுக்கு அதிக உபகாரம் செய்யும்.